ஊர் விழாவை முன்னின்று நடத்துபவர் ஊதியம் கேட்கலாமா?

மேல்பழனி மலையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கொடைக்கானலைத் தாண்டி உள்ளே செல்லும் பாதையில் இருக்கிறது அவருடைய ஊர். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, கேள்விக்குத் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 44 வயது. சிறிய தையற்கடை வைத்திருக்கிறார். கணவர் மலைப்பூண்டும் காரட்டும் பயிரிடுகிறார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஊர்க் கோயில் திருவிழாவை ஒட்டி, மே மாதத்தில் மூன்று நாள் விழா ஒன்றை ஊர்மக்கள் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி, ஒயிலாட்டம், மலை விளைச்சலை விற்கும் கடைகள், ஊர்ச் சாப்பாடு. முதல் ஆண்டில் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு நடத்தியது, இன்று சுற்றுலாப் பயணிகளும் தேடி வரும் விழாவாகிவிட்டது. கடை வாடகை, தங்கும் விடுதிக்காரர்களின் நன்கொடை எல்லாம் சேர்ந்து கடந்த ஆண்டு வரவு பதினொரு லட்ச ரூபாய். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு சங்கமாகப் பதிவும் செய்துவிட்டார்கள். தொடக்கத்திலிருந்து செயலாளர் இவர்தான்.

பிப்ரவரியில் தொடங்கி மே கடைசிவரை இவருக்கு இதுவே வேலை. போலீஸ் அனுமதி, தற்காலிக மின் இணைப்பு, பந்தல்காரருக்கு முன்பணம், இ-பாஸ் வந்த பிறகு வெளியூர்க் கலைஞர்களின் வேன்களுக்குப் பதிவு, வாகனம் நிறுத்த இடம், பிளாஸ்டிக் இல்லாமல் தண்ணீர் கொடுக்க ஏற்பாடு. அதே மே மாதம்தான் பள்ளிச் சீருடை தைக்கும் பருவம். ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களில்தான் வரும். ஒன்பது ஆண்டுகளாக அதை இழந்து வருகிறார். ஜெனரேட்டருக்கும் மைக்செட்டுக்கும் கைக்காசிலிருந்து கொடுத்ததில் 21,000 ரூபாய் இன்னும் திரும்பவில்லை. அதில் ஒரு பகுதி நான்கு ஆண்டுப் பழையது.

கடந்த விழா முடிந்து கணக்குப் பார்த்த கூட்டத்தில் ஓர் இளைஞர், "அக்காவுக்கு வரவில் பத்து சதவீதம் கொடுப்போம்" என்றிருக்கிறார். இவருக்குப் பெரியப்பா முறையாகும் பெரியவர் ஒருவர், "சாமி காரியத்துக்குக் கூலி வாங்கினால் ஊர் என்ன சொல்லும்?" என்று எழுந்து போய்விட்டார். இன்னொருவர், "வீட்டில் இருப்பவள்தானே, நேரம் இருக்கும்" என்றாராம். கூட்டம் கலைந்த பின் பொருளாளர் தனியே வந்து, பந்தல் பில்லில் கொஞ்சம் கூட்டி எழுதிக் கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். ஊதியம் கேட்பது சட்டப்படி சரியா, கடந்த ஆண்டுகளுக்கும் கேட்க முடியுமா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு விலகிவிடலாமா என்று கேட்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்பதிலேயே உங்களுக்கு ஒரு கூச்சம் இருப்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. "பேராசைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள்" என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நான்கு மாத உழைப்புக்கு ஒரு விலை உண்டா என்று கேட்பது நியாயமான கேள்வி. உங்கள் விழாவில் பந்தல்காரருக்குப் பணம் உண்டு. ஒலிபெருக்கிக்காரருக்கு உண்டு. ஆடவரும் கலைஞர்களுக்கும் குப்பை அள்ளுபவர்களுக்கும் உண்டு. உண்டாக வேண்டியதும்தான். அத்தனை பேரையும் ஒருங்கிணைப்பவருக்கு மட்டும் கிடையாது என்பதை ஊர் ஒருநாளும் முடிவெடுத்துத் தீர்மானிக்கவில்லை. அது தானாகப் பழகிப்போன வழக்கம்.

அதே மே மாதத்தில் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவில் மலர்க்கண்காட்சி நடக்கிறது. அதை நடத்தும் தோட்டக்கலைத் துறை அலுவலர்களும் தோட்டப் பணியாளர்களும் சம்பளம் பெறுகிறார்கள். அதனால் அந்த மலர்களின் மதிப்பு குறைந்துவிடவில்லை. ஊராட்சித் தலைவருக்கும் நகராட்சித் தலைவருக்கும் அரசு மதிப்பூதியம் கொடுக்கிறது. பொதுக் காரியமும் ஊதியமும் ஒன்றாக இருக்கவே முடியாது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

அதே சமயம், உங்கள் பெரியப்பாவின் கோபத்தை வெறும் பழமை என்று ஒதுக்கிவிடவும் என்னால் முடியவில்லை. பூம்பாறையில் குழந்தை வேலப்பர் தேரை இழுப்பவர்களும், ஆகஸ்ட் மாதம் சலேத் மாதா தேர்பவனியில் தோள் கொடுப்பவர்களும் கூலிக்காக வருவதில்லை. தங்களுடையது என்ற உரிமையில் வருகிறார்கள். அந்த உரிமை உணர்வால்தான் உங்கள் விழாவும் நிற்கிறது. அதைக் காசு குலைத்துவிடுமோ என்று அவர் பயப்படுகிறார். பயத்தில் நியாயம் இருக்கிறது. அதற்கு அவர் கண்ட தீர்வுதான் தவறு. அந்த உரிமை உணர்வின் முழுச் செலவையும் ஒரே ஒரு தையற்கடை ஏற்க வேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்கவில்லை.

சட்டம் தடுக்கிறதா?

"சங்கம் என்றால் யாருக்கும் சம்பளமே கொடுக்கக் கூடாது என்று பதிவு செய்து கொடுத்தவர் சொன்னார்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது பாதிதான் உண்மை. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம், தன் வருமானத்தைத் தன் நோக்கங்களுக்காகவே செலவிட வேண்டும். மிஞ்சியதை உறுப்பினர்கள் இலாபமாகப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. செய்த வேலைக்கு நியாயமான ஊதியம் கொடுப்பது இலாபத்தைப் பங்கு போடுவதாகாது. அலுவலகம் வைத்து ஆட்களை வேலைக்கு அமர்த்தியிருக்கும் சங்கங்கள் எத்தனையோ இருக்கின்றன.

சிக்கல் உங்கள் சங்கத்தின் துணைவிதிகளில் இருக்கலாம். பதிவு செய்யும்போது பலரும் ஓர் அச்சு நகலை வாங்கி ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். "நிர்வாகிகள் கௌரவப் பணியாகச் செயல்படுவர், ஊதியம் பெறார்" என்று அதில் ஒரு வரி இருக்கக்கூடும். உங்கள் கையில் பிரதி இல்லையென்றால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்திச் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி ஒரு வரி இருந்தால், பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டு, திருத்தத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்து பதிவு பெறும்வரை செயலாளர் என்ற முறையில் நீங்கள் ஒரு ரூபாய்கூட ஊதியமாகப் பெறக் கூடாது. விதி எதுவும் சொல்லாமல் இருந்தாலும், நிர்வாகக்குழு மட்டும் கூடி முடிவெடுப்பது போதாது என்பேன். பொதுக்குழுவுக்குப் போங்கள்.

அறக்கட்டளை உலகில் இதற்கு ஒரு பழைய நெறி உண்டு. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது என்றாலும், அதன் இரண்டு பிரிவுகள் நம் கேள்விக்கு வெளிச்சம் தருகின்றன. பிரிவு 32, அறங்காவலர் தன் பொறுப்பை நிறைவேற்றச் செய்த செலவைத் திரும்பப் பெறும் உரிமையைக் கொடுக்கிறது. பிரிவு 50, அறக்கட்டளை ஆவணத்திலோ, பொறுப்பேற்கும்போது பயனாளியுடனோ நீதிமன்றத்துடனோ செய்த ஒப்பந்தத்திலோ இடம் இருந்தாலன்றி, தன் உழைப்புக்கும் நேரத்துக்கும் ஊதியம் கேட்கும் உரிமை அவருக்கு இல்லை என்கிறது. கைக்காசு திரும்ப வருவது உரிமை, ஊதியம் என்பது மற்றவர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டியது. உங்கள் ஊருக்கும் இந்த வேறுபாடு பொருந்தும். உங்கள் கடிதம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுகிறது. தயவுசெய்து பிரித்துவிடுங்கள். 21,000 ரூபாய்க்காக நீங்கள் யாரிடமும் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

கடந்த ஒன்பது ஆண்டுகள்

இதற்கு நீங்கள் எதிர்பார்க்கும் பதிலை என்னால் கொடுக்க முடியாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 70, ஒருவர் இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் இன்னொருவருக்காக ஒரு காரியத்தைச் செய்து, அவர் அதன் பயனை அனுபவித்தால், ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. "இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல்" என்பதுதான் இதில் அடிப்படை. நீங்கள் சேவையாகவே தொடங்கினீர்கள், சேவையாகவே தொடர்ந்தீர்கள், ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் உங்கள் கையெழுத்துடன் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போனால் அந்த அறிக்கைகளே உங்களுக்கு எதிராக நிற்கும்.

ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 25, பிரதிபலன் இல்லாத உடன்பாடு செல்லாது என்று சொல்லிவிட்டு, சில விதிவிலக்குகளைத் தருகிறது. தானாக முன்வந்து ஏற்கெனவே ஒரு காரியத்தைச் செய்துகொடுத்தவருக்கு முழுமையாகவோ பகுதியாகவோ ஈடு செய்வதாகக் கொடுத்த வாக்கு செல்லும் என்பது அவற்றில் ஒன்று. ஆகவே, துணைவிதிகள் இடம் கொடுத்து, பொதுக்குழு மனமுவந்து ஒரு தொகையை உங்களுக்கு அளிப்பதாகத் தீர்மானித்தால் அது செல்லுபடியாகும். ஆனால் அது ஊர் கொடுக்க விரும்புவது, நீங்கள் கோரிப் பெறுவதல்ல. என்னைக் கேட்டால், கடந்த ஆண்டுகளின் ஊதியத்தை நீங்களாக எழுப்பாதீர்கள். எழுப்பினால், வரும் ஆண்டுகளுக்கான நல்ல ஏற்பாடும் அந்தச் சண்டையில் அடிபட்டுப் போகும்.

பத்து சதவீதமும் பந்தல் பில்லும்

அந்த இளைஞருக்கு நல்ல மனம். அவருடைய யோசனை மட்டும் வேண்டாம். வரவில் பங்கு என்று வைத்தால், நன்கொடை கொடுப்பவர் ஒவ்வொருவரும் தன் நூறு ரூபாயில் பத்து ரூபாய் உங்கள் வீட்டுக்குப் போகிறது என்று நினைப்பார். கடைகளைக் கூட்டு, வாடகையை ஏற்று, இன்னும் பெரிய விளம்பரதாரரைப் பிடி என்று விழாவின் போக்கே மாறும். உள்ளூர்ப் பூண்டும் தேனும் விற்கும் பாட்டிக்கு வாடகை கட்டுப்படியாகாத நாள் வரும். உங்களுக்கும் அது அநியாயமாகவே முடியும். கோடை மழை மூன்று நாளும் கொட்டி வரவு பாதியாகும் ஆண்டில் உங்கள் வேலை பாதியாவதில்லை, கூடத்தான் செய்யும். ஊதியம் என்றால் முன்கூட்டியே எழுதப்பட்ட, நிலையான ஒரு தொகையாக இருக்கட்டும்.

பொருளாளர் சொன்னதைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். பந்தல் பில்லில் கூட்டி எழுதி அந்த வித்தியாசத்தை வாங்கினால், அதே நாளில் நீங்கள் குற்றவாளி ஆகிறீர்கள். நம்பி ஒப்படைத்த பணத்தை நேர்மையற்று எடுத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 2023-இன் பிரிவு 316-இன் கீழ் நம்பிக்கை மோசடி. உங்கள் உழைப்பு உண்மையானது, அந்தப் பணம் நியாயமாக உங்களுக்குச் சேர வேண்டியதே என்ற வாதம் பொய்ப் பில்லைக் காப்பாற்றாது. பொருளாளர் அன்பினால் சொல்லியிருக்கலாம். பெரிய சண்டை இல்லாமல் காரியம் முடியட்டும் என்றும் நினைத்திருக்கலாம். ஆனால் ஊரில் ஒரு சிறு மனக்கசப்பு வந்தால் அந்தப் பில்தான் முதலில் வெளியே வரும். வெளிப்படையாக ஐம்பதாயிரம் வாங்கியவரை ஊர் பொறுத்துக்கொள்ளும். மறைத்து ஐயாயிரம் வாங்கியவரைப் பொறுக்காது. அவரிடம் மறுத்துச் சொல்லிவிடுங்கள், முடிந்தால் இன்னொருவர் முன்னிலையில்.

"மதிப்பூதியம் என்று எழுதினால் வரி கிடையாது" என்று அவர் சொன்னதும் சரியல்ல. எந்தப் பெயரில் வந்தாலும் அது உங்கள் வருமானம். மொத்த வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தால் வரி வராது. அதற்குக் காரணம் தொகை, பெயரல்ல. சங்கம் வருமானவரி விலக்குப் பதிவு பெற்றிருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். நிர்வாகிகளுக்கும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களுக்கும் நியாயமான அளவுக்கு மேல் ஊதியம் கொடுத்தால் சங்கத்தின் விலக்குக்கே ஆபத்து. ஆடிட்டரிடம் ஒருமுறை பேசிவிட்டுத் தொகையை முடிவு செய்யுங்கள்.

ஊதியம் இல்லையென்றால் பொறுப்பும் இல்லையா?

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி இதுதான்: "நான் பைசா வாங்காததால் ஏதாவது நடந்தாலும் என்மேல் வழக்கு வராது." வரும், சகோதரி. அனுமதி மனுவில் யார் கையெழுத்து, மின் இணைப்பு யார் பெயரில், பந்தல் ஒப்பந்தத்தில் யார் பெயர் என்றுதான் விசாரணையில் முதலில் கேட்பார்கள். அவர் சம்பளம் வாங்கினாரா என்பது பிறகு வரும் கேள்வி, பல சமயம் வராமலும் போகலாம். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். ஊர்மக்கள் நம்பிக்கையோடு நடத்திய திருவிழாதான் அது. மலையில் ஈரமும் காற்றும் காட்டெருமை நடமாட்டமும் சேர்ந்துகொள்கின்றன. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி ஓடினால் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி கேட்கப்படுபவரும் நீங்கள்தான்.

இன்று சுமை முழுவதும் உங்கள் தோளில், ஊதியம் ஏதும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. ஊதிய விஷயம் எப்படி முடிந்தாலும் இதை முதலில் சரிசெய்யுங்கள். இனி அனுமதி மனுக்கள் சங்கத்தின் பெயரில், தலைவர், செயலாளர், பொருளாளர் மூவர் கையெழுத்துடன் போகட்டும். மின் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம் கொடுத்து, அவரிடம் எழுத்தில் சான்று வாங்குங்கள். மூன்று நாளுக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடும், தொண்டர்களுக்கு விபத்துக் காப்பீடும் எடுக்கச் சொல்லுங்கள். இவ்வளவு பெரிய வரவு செலவில் அந்தத் தவணை தாங்க முடியாததல்ல. இதற்குச் சம்மதிக்காத குழுவுக்குச் செயலாளராக நீடிக்காதீர்கள்.

நான் சொல்லும் வழி

பதவி வேறு, வேலை வேறு என்று பிரித்துவிடுங்கள். செயலாளர் பதவி முடிவெடுக்கும் பதவி. பணம் எதற்குப் போகலாம் என்று தீர்மானிக்கும் இடம் அது. அந்த நாற்காலியில் இருப்பவர் தனக்கே ஊதியம் நிர்ணயித்துக்கொண்டால், எவ்வளவு நேர்மையானவர் என்றாலும் சந்தேகம் வரும். வேலை என்பது பிப்ரவரி முதல் மே வரை ஓடியாடும் வேலை: மனுக்கள், முன்பணம், கலைஞர்கள், கடைகள், வாகனங்கள். அந்த வேலையை "விழா ஒருங்கிணைப்பாளர்" என்ற தற்காலிகப் பணியாக வைத்து, நான்கு மாதத்துக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு, ஊதியம் கொடுக்கட்டும். நீங்கள் செயலாளர் பதவியிலிருந்து விலகி அந்தப் பணியை ஏற்கலாம். அல்லது ஊதியமில்லாத செயலாளராகவே இருந்து, அந்த வேலைக்கு வேறொருவரை அமர்த்தி மேற்பார்வை மட்டும் பார்க்கலாம். இரண்டில் எது என்பது உங்கள் விருப்பம். எனக்கு முதலாவது வழி பிடித்திருக்கிறது. வேலை தெரிந்தவர் நீங்கள். உங்களைக் கேள்வி கேட்கும் இடத்தில் இன்னொருவர் வந்து அமர்வது உங்களுக்கும் பாதுகாப்பு.

ஆனால் அந்தப் பணியை உங்களுக்கென்றே உருவாக்கியதாக இருக்கக் கூடாது. ஊரில் அறிவிப்பு ஒட்டட்டும், விருப்பமுள்ள மற்றவர்களும் மனுக் கொடுக்கட்டும். பொதுக்குழு இதைப் பேசும்போது நீங்களும் உங்கள் கணவரும் வெளியே இருங்கள், வாக்களிக்காதீர்கள், நீங்கள் வெளியே இருந்தீர்கள் என்பதைத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி பிற்காலத்தில் உங்களைக் காப்பாற்றும்.

தொகை எவ்வளவு? அதை நான் சொல்லக் கூடாது, ஊர் சொல்ல வேண்டும். எப்படிக் கணக்கிடலாம் என்று மட்டும் சொல்கிறேன். முதலில் வேலைகளைப் பட்டியல் போட்டு, எந்த மாதத்தில் எத்தனை நாள் பிடிக்கிறது என்று எழுதுங்கள். ஒன்பது ஆண்டு அனுபவம் உங்களிடம் இருப்பதால் ஒரே நாளில் எழுதிவிடலாம். அந்த நாட்களுக்கு உங்கள் பகுதியில் ஒரு தேர்ந்த வேலையாளுக்குக் கிடைக்கும் நாள் ஊதியத்தை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். சீருடைத் தையலில் நீங்கள் இழக்கும் தொகையை அதன் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் பேச்சு தொடங்கலாம். பணம் கடை வாடகையிலிருந்து வரட்டும். கோயில் உண்டியலும், தலைக்கட்டு வரியும், அன்னதானத்துக்கென்று வந்த நன்கொடையும் இதில் கலக்கவே கூடாது. கோயில் பணம் என்றால் 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் பற்றிய கேள்விகள் எழும். அதைவிட முக்கியம், உங்கள் பெரியப்பாவின் மறுப்பு முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது. சாமிக்கு வந்த காசு சாமிக்கு, சந்தைக் கடைகளின் வாடகை சந்தை நடத்திய வேலைக்கு என்று பிரித்துக் காட்டினால் அவரோடு பேச ஒரு வழி பிறக்கும். இரண்டுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு வையுங்கள். கூட்டத்தில் வைத்து அவரை மறுத்துப் பேசாதீர்கள். முன்னதாக வீட்டுக்குப் போய்ப் பெரியம்மாவும் இருக்கும்போது சொல்லுங்கள்.

உங்களுக்குக் கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்களே என்ற கேள்வி கட்டாயம் வரும். இது எளிதான கேள்வியல்ல. அன்னதானத்துக்கு விடியற்காலையில் குளிரில் காய் நறுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மூங்கில் வெட்டித் தோரணம் கட்டும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலை எதில் குறைந்தது? எதிலும் குறையவில்லை. நான் கோடு போடும் இடம் இது: மூன்று நாள், ஐந்து நாள் வந்து கை கொடுப்பவர் தன் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளாமல் கொடுக்க முடிகிறது. மாதக்கணக்கில், கெடுவுக்குக் கட்டுப்பட்டு, நடுவில் விட்டுவிட்டுப் போக முடியாத வேலையை ஏற்பவரால் முடியவில்லை. இந்தக் கோடு எல்லா இடத்திலும் நேராக விழாது. வரும் ஆண்டில் சமையற்கட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கும் ஒரு தொகை வேண்டும் என்று யாராவது சொன்னால், அதை ஊர் உட்கார்ந்து பேச வேண்டியதுதான். பேச்சு வந்துவிடுமே என்பதற்காக உங்கள் வேலையை இலவசமாகவே வைத்திருப்பது நியாயமாகாது. ஊதியம் இல்லாத தொண்டர்கள் எல்லாருக்கும் ஜீப் கட்டணம், சாப்பாடு, போன் செலவு, காப்பீடு ஆகியவற்றைச் சங்கம் ஏற்கட்டும். தொண்டு செய்ய வந்தவர் கையிலிருந்து காசு போகக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

"வீட்டில் இருப்பவள்தானே, நேரம் இருக்கும்" என்று சொன்னவருக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கடை நடத்தும் பெண்ணை வீட்டில் இருப்பவள் என்று சொல்ல அவருக்கு எப்படி மனம் வந்தது? பல ஊர்களில் கோயில் கமிட்டியிலும் விழாக்குழுவிலும் ஆண்கள் பதவியில் இருக்க, அலைச்சல் பெண்கள் தலையில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஊதியம் இல்லாத பொறுப்பு என்பது கேட்க உயர்வாக இருக்கும். ஆனால் அதை ஏற்க வசதி வேண்டும். நிலமும் ஓய்வூதியமும் உள்ளவர் ஏற்பார். தினக்கூலிக்குப் போகிறவரோ, கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணோ எவ்வளவு திறமை இருந்தாலும் ஏற்க முடியாது. உங்களுக்குப் பின் இந்தப் பொறுப்புக்கு யார் வருவார்கள் என்று கேட்டீர்களே, இன்றைய நிலையில் வசதி உள்ளவர்தான் வர முடியும். ஊதியம் வைத்தால் பத்தாம் வகுப்புவரை படித்துவிட்டு எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்ணும் மனுக் கொடுக்கலாம். பொதுக்குழுவில் உங்களுக்காக மட்டும் கேட்காமல், வரப்போகிறவருக்காகவும் கேளுங்கள். அது உண்மையும்கூட.

விலகிவிடலாமா?

விலகலாம், அதில் தவறே இல்லை. விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மட்டும் விலகாதீர்கள். முன்பணம் கொடுத்து ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருக்கும் நிலையில் பாதியில் விட்டுப்போனால் சங்கத்துக்கு நட்டம் வரும், பழியும் உங்கள்மேல் விழும். எழுத்தில் கடிதம் கொடுத்து, ரசீதுப் புத்தகங்கள், வங்கிப் புத்தகம், அனுமதி நகல்கள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். நிர்வாகிகள் மாறிய விவரம் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கலாகிவிட்டதா என்றும் பாருங்கள். அது நடக்காதவரை அரசுப் பதிவேட்டில் செயலாளர் நீங்கள்தான்.

ஓர் ஆண்டு பொதுக்குழுவில் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பது என் யோசனை. மறுத்துவிட்டால், வேலையை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு, மே மாதத்தில் தையல் இயந்திரத்தின் முன் உட்காருங்கள். அப்போது ஊருக்கு நீங்கள் துரோகம் செய்தவர் ஆகமாட்டீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த 21,000 ரூபாய். பிறருக்காகக் கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குத் தொடர, 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, பணம் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் அவகாசம். நான்கு ஆண்டுப் பழைய பகுதிக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனால் காலங்கடந்த கடனைக் கொடுப்பதாகக் கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்திட்டால் அந்த வாக்கு செல்லும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் அதே பிரிவு 25. மற்ற பகுதிக்கு, காலம் முடிவதற்குள் "இவ்வளவு தொகை தர வேண்டியிருக்கிறது" என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். ஆகவே எந்தத் தேதியில், யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, உங்களிடம் இருக்கும் ரசீதுகளின் நகலையும் பணம் அனுப்பிய விவரத்தையும் இணைத்து நிர்வாகக்குழுவிடம் கொடுங்கள். தொகையை ஒப்புக்கொண்டு, திருப்பித் தருவதாகத் தீர்மானம் போட்டு, தலைவரும் பொருளாளரும் சங்க முத்திரையுடன் கையெழுத்திடட்டும். உங்கள் பழைய தொகையில் அடுத்த சில வாரங்களில் இன்னும் ஒன்று காலங்கடந்துவிடலாம் என்று கடிதத்தில் உள்ள தேதிகளிலிருந்து தெரிகிறது. பொதுக்குழு கூடும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே அந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள்.